பேச்சுக்குக் கொடுத்த கார்

எங்கள் பக்கத்தில் யாராவது உங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "நெம்ப நல்லா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டால், நீங்கள் உடனே அதைக் கழற்றப் போவதுபோலக் கையைக் கொண்டுபோய், "புடிச்சிருந்தா எடுத்துக்கிங்க, உங்களுதுதானுங்க" என்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் உங்களுக்கு மரியாதை தெரியாது என்று அர்த்தம். அவர் இரண்டு கையையும் விரித்து, "ஐயோ வேண்டாமுங்க, உங்க கையில இருந்தாத்தானுங்க அதுக்கு அழகு" என்று சொல்லவேண்டும். இரண்டு பேரும் சிரிக்கவேண்டும். கடிகாரம் இருந்த கையிலேயே இருக்கும். இதற்குப் பெயர் பேச்சுக்குச் சொல்வது. கோயமுத்தூரைச் சுற்றிப் பிறந்து வளர்ந்த எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும், என் அண்ணன் சொன்ன ஒரு பேச்சை நான் நிஜம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது? அதைத்தான் இன்றுவரை எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு பெரிய மனிதர் வாயைத் திறந்து "எடுத்துக்கிங்க" என்கிறார். நான் எடுத்துக்கொள்கிறேன். இதில் என் தப்பு எங்கே இருக்கிறது? "விடுங்க அம்மணி, பெரியவரு" என்கிறார்கள்.

என் அண்ணன், தங்கச்சியான எனக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். வாசலில் வந்து நிற்கும் நாயைக்கூட "அக்கட்டப் போங்க" என்று துரத்துகிற மனிதர் அவர். வாழ்க்கையில் ஒருதரம்கூடக் குரலை உயர்த்தியதில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கத்துவேன். கத்துகிறவள் நான், சிரித்துக்கொண்டே நிற்கிறவர் அவர் என்பதால், எந்தப் பேச்சிலும் தப்பு என் பக்கம்தான் என்று சொந்தபந்தம் முடிவு கட்டிவிடும். எங்கள் ஊரில் கழுத்தை அறுக்க வந்தால்கூட, "தலையைச் சித்தச் சாய்ச்சுக்கிங்க" என்றுதான் கேட்பார்கள். நாமும் "ஆகட்டுங்க" என்று சாய்த்துக் கொடுக்கவேண்டும்.

அப்பா இறந்து காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு, தொண்டாமுத்தூர்ப் பக்கத்துத் தோட்டமும் வீடும் அண்ணனுக்கே என்று எழுதிக்கொடுத்தேன். எங்கள் சொந்தத்தில் பெண்பிள்ளைகள் எழுதிக்கொடுப்பது வழக்கம். "ஒரே ஒரு கையெழுத்துத்தானுங்க அம்மணி. பொறந்த ஊடு எப்பவும் உங்களுதுதானுங்க" என்றார். படித்துக்கூடப் பார்க்காமல் போட்டேன். பத்திர ஆபீஸை விட்டு வெளியே வந்ததும் மூன்று பேரும், அண்ணனும் நானும் என் வீட்டுக்காரரும், தோட்டத்துக்குப் போனோம். தென்னந்தோப்பின் ஓரத்தில் தகரக் கொட்டகை. அதற்குள் பச்சைக் கார் கிடந்தது.

அது ஐம்பதுகளில் சீமையிலிருந்து வந்த சின்னக் கார். அப்பா யாரிடமோ பழசாக வாங்கியது. முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பிள்ளைகள், அதற்கு மேல் ஏறினால் ஏற்றத்தில் திணறும். ஸ்டார்ட் ஆகாவிட்டால் முன்னால் ஓர் இரும்புக் கம்பியைச் செருகிச் சுற்றவேண்டும். வளைவில் திரும்பும்போது கதவுக்குப் பக்கத்திலிருந்து ஒரு சின்னத் தகரக் கை வெளியே நீண்டு, எந்தப் பக்கம் போகிறோம் என்று காட்டும். கைகாட்டி என்போம். அந்தக் கை நீள்வதைப் பார்க்கவே நான் வேண்டுமென்று பின்சீட்டில் ஓரத்தில் உட்காருவேன்.

பின்சீட்டில்தான் உட்காருவேன். முன்னால் உட்கார விட்டால்தானே? அண்ணன் மீசை முளைக்குமுன்பே அதை ஓட்டினார். நான் ஸ்டீரிங்கைத் தொட்டால், "பொட்டப்புள்ளைக்கு அதெல்லாம் எதுக்குக் கண்ணு, பொறகால உக்காருங்க" என்பார் அப்பா. அவரும் மரியாதையாகத்தான் சொல்வார். அண்ணன் ஒருநாள் அதைக் கொண்டுபோய்க் கிணற்றுமேட்டில் மோதினார். முன்பக்கம் நசுங்கியது. யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேறு வண்டி வந்தது, பச்சைக் கார் கொட்டகைக்குள் போனது. தோட்டம், வீடு, கிணறு எதன்மேலும் எனக்குப் பெரிய ஆசை இருந்ததில்லை. ஆசை இருந்தது அந்தக் கார்மேல் மட்டும்தான்.

அன்றைக்குக் கொட்டகை வாசலில் நின்று, "கார் இன்னும் இருக்குதுங்களாண்ணா" என்று கேட்டேன்.

"இரும்புக்குப் போடோணுமுங்க அம்மணி. ஆளு வரமாட்டீங்கறான்" என்றார்.

"நல்ல கார்ங்கண்ணா."

"புடிச்சிருந்தா எடுத்துக்கிங்க. உங்களுதுதானுங்க" என்றார்.

நான் "ஐயோ வேண்டாமுங்க" என்று சொல்லியிருக்க வேண்டும். "சரிங்கண்ணா" என்றேன். என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அண்ணனும் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "ஆகட்டுங்க, ஆகட்டுங்க" என்றார். மறுநாளே நான் டெம்போவோடு போய் நின்றேன்.

எங்கள் வீடு பெரியநாயக்கன்பாளையத்தில். வீட்டுக்குப் பின்னால் ஒரு பட்டறை. ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு வெல்டிங் செட். மோட்டார் பம்புக்கான ஷாஃப்டும் புஷ்ஷும் கடைந்து கொடுத்துப் பிழைக்கிறோம். கல்யாணமாகி வந்தபோது எனக்கு ஸ்பேனர் எது, ஸ்குரூ டிரைவர் எது என்று தெரியாது. ஆளில்லாத ஒரு நாளில் லேத்தில் நின்றேன், பிறகு இறங்கவேயில்லை. இப்போது லேத் என்னுடையது. வீட்டுக்காரர் ஆர்டர் பிடிப்பார், வண்டியில் கொண்டுபோய்க் கொடுப்பார், டீ போடுவார். அவர் டீயை நான் குறை சொல்லமாட்டேன்.

டெம்போவிலிருந்து இறக்கிப் பார்த்தபோதுதான் காரின் லட்சணம் தெரிந்தது. அடித்தகடு முழுக்கத் துரு. சீட்டில் உட்கார்ந்தால் கால் மண்ணில் நிற்கும். ஒயர்களை எலி தின்றிருந்தது. கைகாட்டி இருக்கும் பொந்துக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. கூரையில் ஒரு பெரிய பள்ளம். அது யானையின் வேலை. மலையிலிருந்து இறங்கி வந்த ஒன்று, பின்சீட்டில் இருந்த புண்ணாக்கு மூட்டையை மோப்பம் பிடித்து, கொட்டகைத் தகரத்தைத் தள்ளி, கார்மேல் சாய்ந்து, கண்ணாடியை உடைத்து மூட்டையை இழுத்துக்கொண்டு போயிருந்தது. யானைமேல் எனக்குக் கோபமில்லை. அதற்குப் பசி. காருக்குள் புண்ணாக்கு மூட்டை வைத்த ஆட்களை என்ன சொல்வது?

என்ஜின் இறுகிப்போய்க் கல்லாகக் கிடந்தது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டைகளில் டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி ஊறவிட்டேன். தினமும் காலையில் கம்பியைச் செருகித் திருகிப் பார்ப்பேன். அசையாது. மறுபடியும் ஊற்றுவேன். அண்ணன் தினமும் காலையில் என் போனுக்கு ரோஜாப்பூப் படம் போட்டு, 'காலை வணக்கமுங்க அம்மணி' என்று அனுப்புவார். ஒருநாள் பூவுக்குக் கீழே, 'இன்னும் அந்தப் பழைய இரும்பை வெச்சுக்கிட்டுச் சிரமப்படறீங்களா' என்று ஒரு வரியும் இருந்தது. பக்கத்தில் சிரிக்கும் பொம்மை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராகப் போய்க் கம்பியைப் பிடித்து, உடம்பின் எடையெல்லாம் போட்டு ஒரு அமுக்கு அமுக்கினேன். உள்ளே 'கடக்' என்றது. கம்பி ஒரு விரற்கடை இறங்கியது.

"மாமா! நகந்துருச்சு மாமா!" என்று கத்தினேன். அவர் டீ டம்ளரோடு ஓடிவந்தார்.

"அண்ணனுக்கு ஒரு நன்றி அனுப்பிச்சுப்போடு" என்றார்.

"கெரகத்த! அனுப்பறேன், இருங்க" என்றேன். அனுப்பவில்லை.

அதற்குப் பிறகு வேலை ஓடியது. பம்ப் ஆர்டர் இல்லாத நேரமெல்லாம் கார்தான். அந்தக் காலத்து நட்டு ஒன்றுக்கும் நம்மிடம் இருக்கும் ஸ்பேனர் பொருந்தாது. எல்லாம் இஞ்ச் கணக்கு. ஒரு செட் இஞ்ச் ஸ்பேனர் தேடிப் பழைய இரும்புக் கடைகளில் அலைந்தோம். தண்ணீர் பம்பின் ஷாஃப்ட் தேய்ந்து ஆடியது, புதிதாகக் கடைந்தேன். அடித்தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டு அடித்தேன். கிணற்றுமேட்டில் நசுங்கிய முன்பக்கத்தைச் சூடேற்றித் தட்டித் தட்டி நிமிர்த்தினேன். துரு சுரண்டும்போது கோபம் ரொம்ப உதவியது. அண்ணன் முகத்தை நினைத்துக்கொண்டு உப்புத்தாள் போட்டால் ஒரு கதவு அரை நாளில் பளபளத்துவிடும். கூரைப் பள்ளத்தை மட்டும் உள்ளேயிருந்து மரச் சுத்தியலால் தட்டி முக்கால்வாசி எடுத்தேன். மீதியைப் பட்டி போட்டு மூட மனசு வரவில்லை. ஒரு சின்னப் பள்ளம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களைச் சொல்லவேண்டும். கோயமுத்தூர்க்காரன் எவனாலும் ஒரு மெஷினைப் பார்த்துவிட்டுச் சும்மா போகமுடியாது. "ஏனுங்க அம்மணி, இதுக்கு ஒரு புது டீசல் என்ஜின வெச்சுப்போடலாமுங்களே" என்பார் ஒருவர். "கைகாட்டிய எடுத்துப்போட்டு லைட்டு வெச்சுருங்க" என்பார் இன்னொருவர். ஒருவர் அதில் பாட்டுப்பெட்டி எங்கே வைக்கலாம் என்று அளந்தே பார்த்தார். இவர்களாவது பரவாயில்லை. வேறு சிலர் கார் அடியிலிருந்து நான் கிரீஸ் முகத்தோடு எழுந்து வருவதைப் பார்த்தும், நேரே என் வீட்டுக்காரரிடம் போய், "நெம்பச் சிரமப்பட்டிருப்பீங்களே மாப்பிள்ளை" என்பார்கள்.

"ஆமாங்க. டீ போட்டே கை ஓஞ்சுபோச்சுங்க" என்பார் அவர். அவர்கள் அதைத் தமாஷ் என்று நினைத்துச் சிரிப்பார்கள். எனக்குச் சுத்தியலைத் தூக்கி எறியலாம்போல இருக்கும்.

ஒரு காலையில் அது ஸ்டார்ட் ஆகி, நின்று, மறுபடி ஸ்டார்ட் ஆகி, நிற்காமல் ஓடியது. ஓட்டுநர் இருக்கையில் நான் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் கேட்டைத் திறந்தார். மேட்டுப்பாளையம் ரோட்டில் ஏறுவதற்குக் கைகாட்டி சுவிட்சைத் தட்டினேன். தகரக் கை 'டக்' என்று நீண்டது. பஸ்காரன் ஒருவன் வேகத்தைக் குறைத்து வழிவிட்டான். நான் அழுதுவிட்டேன். சந்தோஷம் பாதி, ஆத்திரம் பாதி. இவ்வளவுதானா? இதைத் தொடக்கூடாது என்றா அத்தனை வருஷம் என்னைப் பின்னால் உட்காரவைத்தார்கள்?

வண்டி இன்னும் அப்பா பெயரில் இருந்தது. என் பெயருக்கு மாற்றவேண்டுமானால் ஆட்சேபணை இல்லை என்று அண்ணன் ஒரு கையெழுத்துப் போடவேண்டும். கேட்டேன். "ஆகட்டுங்க அம்மணி, போட்டர்லாமுங்க" என்றார். அடுத்த மாதம் கேட்டேன். "அதுக்கென்னுங்க, போட்டர்லாமுங்க." தீபாவளிக்குக் கேட்டேன், பொங்கலுக்குக் கேட்டேன். மாட்டேன் என்று சொன்னால் சண்டை போடலாம். 'ஆகட்டும்' என்கிற மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது? நான் ஒரே நாளில், படிக்காமல், அவருக்குக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தேன். அவருடைய கையெழுத்து இன்றுவரை வரவில்லை.

கையெழுத்துப் போடவில்லையே தவிர, படம் போட்டார். ஒருநாள் வீட்டுக்கு வந்து காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அதன்மேல் சாய்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். சாயந்திரம் அது அவருடைய ஸ்டேட்டஸில் இருந்தது. 'எங்க அப்பா காலத்து வண்டி. இன்றும் எங்கள் குடும்பத்தில்.' கீழே பூ, கீழே கும்பிடும் கை. நான் போனை வீட்டுக்காரரிடம் நீட்டினேன். அவர் படித்துவிட்டு, "போட்டோ நல்லாத்தானே வந்திருக்குது" என்றார். அவர்மேலும் கத்தினேன்.

பிறகு அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மண்டபம் அவிநாசிக்குப் பக்கத்தில். பெண்ணைக் காரில் அழைத்துவரவேண்டும் என்று அண்ணன் கேட்டார். "நம்ம பச்சக் காருல பொண்ணு வந்து எறங்கினா எப்படி இருக்குமுங்க, நெனச்சுப் பாருங்க அம்மணி." பெண் என் மருமகள் முறை. சின்னப் பிள்ளையிலிருந்து என்னிடம் ஒட்டிக்கொண்டவள். அவளுக்காகச் சரி என்றேன். ஆனால் நான்தான் ஓட்டுவேன் என்றும் சொன்னேன். "அதுக்கென்னுங்க, நீங்கதானுங்க ஓட்டோணும்" என்றார்.

மண்டபத்துக்கு முதல்நாளே போனோம். அலங்காரக்காரன் மல்லிகைச் சரத்தை என் புதுப் பெயிண்ட்மேல் டேப் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தான். எத்தனை தடவை உப்புத்தாள் போட்ட பெயிண்ட் அது! நான் போட்ட சத்தத்தில் நாதஸ்வரக்காரர் எழுந்து வந்து பார்த்தார். எல்லாவற்றையும் உரித்து, நூல் கட்டித் தொங்கவிட வைத்தேன். மறுநாள் பெண்ணை ஏற்றிக்கொண்டு கோயில்வரை போய்வந்தேன். முகூர்த்தம் நல்லபடியாக முடிந்தது. அதுவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

சாப்பாட்டுப் பந்திக்கு முன்னால், மாப்பிள்ளையின் அப்பா, அண்ணனுக்குச் சம்பந்தி, காரைப் பார்க்க வாசலுக்கு வந்தார். அவருடன் ஒரு பெரிய கூட்டம். நான் பானெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் காரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். இந்த என்ஜின் எப்படி இறுகிக் கிடந்தது, எப்படி ஊறவைத்து எடுத்தது, இஞ்ச் ஸ்பேனருக்கு எங்கெல்லாம் அலைந்தது, எல்லாம் நான் அவரிடம் சொன்னவை. "பண்ணினோமுங்க, கழட்டினோமுங்க" என்று பேசிக்கொண்டே போனார். எந்த 'நோம்'? ஒரு போல்ட்டைத் தொட்டிருப்பாரா இந்த மனிதர்? சம்பந்தி கூரைப் பள்ளத்தைத் தடவி, இது என்ன என்று கேட்டார். "ஆனைங்க! நான்தானுங்க தீப்பந்தம் புடிச்சு வெரட்டினேன்" என்றார். அந்த யானை வந்த அன்று அண்ணன் கோயமுத்தூரில் இருந்தார்.

"நெம்ப நல்லா இருக்குதுங்க சம்பந்தி. இந்த மாதிரி ஒண்ணு வெச்சுக்கோணும்னு எனக்கு நெம்ப நாளா ஆசைங்க" என்றார் சம்பந்தி.

அண்ணனின் கை தானாகக் கார்மேல் போனது. "புடிச்சிருந்தா எடுத்துக்கிங்க சம்பந்தி. உங்களுதுதானுங்க" என்றார்.

கூட்டம் சிரிக்கத் தயாராக நின்றது. சம்பந்தி இரண்டு கையையும் விரிக்கவேண்டும். "ஐயோ வேண்டாமுங்க" என்று சொல்லவேண்டும். சம்பந்தி கையைக் கூப்பினார்.

"நாலு பேர் முன்னால இவ்வளவு பிரியமாச் சொல்றீங்க. வேண்டாமுன்னு சொன்னா அது உங்களுக்கு மரியாதை இல்லீங்க. சந்தோசமுங்க சம்பந்தி" என்றார்.

அண்ணன் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அவர் என்னைப் பார்த்தார். பிறகு, "உங்களுக்கில்லாததாங்க" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். யாரோ போட்டோ எடுத்தார்கள். துடைக்கும் துணியோடு நானும் அந்தப் போட்டோவில் ஓரமாக இருக்கிறேன்.

பெண்ணும் மாப்பிள்ளையும் பெரிய ஏசி காரில் கிளம்பினார்கள். "அத்தை, உங்க கார் அழகுதான், ஆனாச் சூடு" என்று அவள் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். அவளை அனுப்பிவைத்துவிட்டு அண்ணன் என்னைத் தேடி வந்தார். அதற்குள் நான் காரை வாசலிலிருந்து எடுத்து, மண்டபத்துக்குப் பின்னால், பாத்திரம் கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தேன். வீட்டுக்காரரும் இருந்தார்.

"அம்மணி, ஒண்ணும் வெசனப்படாதீங்க. சாவியக் குடுங்க. சம்பந்தி ஊட்டு டிரைவர் வந்திருக்கறாரு."

"எதுக்குங்கண்ணா?"

"பாத்தீங்களே, சொல்லிப்போட்டேன்."

"பேச்சுக்குத்தானுங்களே சொன்னீங்க? பேச்சுக்குச் சொன்னேன்னு சொல்லிருங்க."

"அதெப்பிடிங்க அம்மணி? சம்பந்திகிட்ட அப்படிச் சொல்லமுடியுமுங்களா? சொன்ன சொல்லக் காப்பாத்தோணுமுங்க."

"எனக்குச் சொன்னது?"

அவர் சிரித்தார். நிஜமாகவே, மனசுவிட்டு, சின்னப் பிள்ளை ஒன்று தெரியாமல் எதையோ கேட்டுவிட்டதுபோலச் சிரித்தார். "அது நாம நமக்குள்ள பேச்சுக்குச் சொல்லிக்கறதுங்க அம்மணி. அதைப் போய் நீங்க நிசமுன்னு நெனச்சுக்கிட்டீங்களா?"

அந்தக் கையெழுத்து ஏன் வரவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. அவர் மனசில் அந்தக் கார் ஒருநாளும் என்னிடம் வரவேயில்லை. பட்டறையில் நிறுத்திவைத்திருந்தார், அவ்வளவுதான். நான் அவருக்காகத் துரு சுரண்டியிருக்கிறேன். ஒரே வாய், ஒரே சொல். சம்பந்திக்குச் சொன்னால் சத்தியம், எனக்குச் சொன்னால் சும்மா.

"என் ஊட்டுக்காரர் முன்னாலதானுங்களே சொன்னீங்க?" என்றேன்.

"மாப்பிள்ளை நம்ம ஆளுதானுங்களே" என்றார்.

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். உள்ளே பந்தியில் சொந்தக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். நான் கத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். 'கல்யாண ஊட்டுல போயி அந்தம்மணி பண்ணின கூத்து' என்று வருஷக்கணக்கில் பேசுவார்கள். அண்ணன் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தபடி நிற்பார். சாவி டிரைவர் கைக்குப் போய்விடும். வாயை மூடிக்கொண்டேன்.

என் மௌனத்தைப் பார்த்ததும் அண்ணனுக்குத் தெம்பு வந்துவிட்டது. "உங்க கையாலயே குடுத்தா நல்லா இருக்குமுங்க அம்மணி. வாசலுக்குக் கொண்டாந்து நிறுத்துங்க. அவங்க கெளம்பறாங்க. வந்துருங்க, என்னுங்க?" என்றார்.

"வாரேனுங்கண்ணா" என்றேன்.

அவர் என் தலையைத் தொட்டுவிட்டு முன்பக்கம் போனார்.

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். "இன்னும் சாப்பிடலையே" என்று மட்டும் சொன்னார். பிறகு கம்பியை எடுத்து முன்னால் செருகி, ஒரே சுற்று. கார் பிடித்துக்கொண்டது. ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மண்டபத்தைச் சுற்றி வாசலுக்கு வந்தேன். சம்பந்தி, அவர் டிரைவர், பந்தியிலிருந்து எழுந்து வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் படியில் நின்றார்கள். அண்ணன் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு, இங்கே நிறுத்துங்கள் என்று கையால் இடம் காட்டினார். நான் கைகாட்டி சுவிட்சைத் தட்டினேன். ரோட்டுப் பக்கம் இருக்கும் தகரக் கை 'டக்' என்று நீண்டது. எல்லோருக்கும் தெரியும்படிதான் திரும்பினேன். மல்லிகைச் சரங்கள் ஆடின. அவர்களைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, அன்னூர் ரோட்டில் ஏறினேன்.

அன்னூர் போய்ச் சேருமுன் வீட்டுக்காரரின் போன் அடித்தது. என் போன் என் பையில் ஏற்கெனவே அடித்து ஓய்ந்திருந்தது. அவர் ஸ்பீக்கரில் போட்டு என் பக்கம் பிடித்தார். என்ஜின் சத்தத்தையும் மீறி அண்ணன் குரல் வந்தது. என் வாழ்நாளில் முதல் தடவையாக அதில் 'ங்க' இல்லை.

"ஏய்! எங்கடி போறே? நாலு பேர் முன்னால என் மானத்த வாங்கிப்போட்டியேடி! வாரேன்னுதானடி சொன்னே? வாரேன்னு உன் வாயாலதானே சொன்னே?"

நான் குரலை உயர்த்தவில்லை.

"அது பேச்சுக்குச் சொன்னதுங்கண்ணா" என்றேன்.